அம்மா ஏசுவா

யூலை 8, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட தலையணை உறை இரண்டும் பக்கத்து வளவில். எடுக்கப் போனபோது நஸ்ரியா சொன்னார்: "கச்சான் தொடங்கிட்டு தங்கச்சி, இனிக் கொஞ்ச மாசத்துக்கு இப்பிடித்தான்." கச்சான் என்றால் எனக்கு வறுத்துத் தின்கிற நிலக்கடலைதான். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பின்னேரம் என் மனுசன் குகனிடம் கேட்டால் சிரிக்கிறார். இங்கே மேல்காற்றுக்கு அந்தப் பெயராம்.

இந்தக் காற்றில்தான் குகனுக்குச் சம்பளம். காற்றாலையில் வேலை; காற்றாடி சுற்றினால்தான் மின்சாரம். எனக்கு வீடு முழுக்க மணலும் மகள் ஆரணியின் மூச்சு இழுப்பும்.

செய்ய வேண்டியவை: கிணற்று மூடிக்கு மேலே பாரமாக ஒரு கல். படலைக்குக் கொழுக்கி, அவளுக்கு எட்டாத உயரத்தில். இழுப்புப் பம்ப் இன்னொன்று, புத்தளத்தில். ஒழுங்கை நாய்க்கு ஊசி போட்டதா என்று யாரிடமாவது கேட்க.

ஆரணிக்கு ஐந்து வயது. ஏழாம் மாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தப்பி வந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து மூன்று மாதமாகப் போகிறது, இதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் "இப்ப நல்லாத்தானே ஈக்கா, மாஷா அல்லாஹ்" என்பார்கள். அதோடு அவர்களுக்குக் கதை முடிந்தது. எனக்கு முடியவில்லை.

யூலை 10, வியாழன்

வெயில். காற்று அப்படியே. பாண் விற்கிற வான் வரவில்லை, காலைக்கு ரொட்டி.

நஸ்ரியாவுக்கு ஐந்து பிள்ளைகள். எது எங்கே என்று கேட்டால் கையை ஏதோ ஒரு திசைக்கு வீசுகிறார். "இங்கினதான், எங்கயாச்சும்." அவ்வளவுதான். அந்தக் கை வீச்சைப் பார்க்கும்போதெல்லாம் ஆரணியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று மத்தியானம் குசினிக்குள் திரும்பினால், அவரின் கடைசிப் பெண் ரிப்கா நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கிறாள். ஆரணியின் வயதுதான். "பசிக்குது." கோப்பையில் சோறு போட்டேன். தின்றாள், கோப்பையைக் கழுவினாள், போய்விட்டாள். யாரும் தேடி வரவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. வேலிக்கரைக்குப் போய், "அக்கா, ரிப்கா எங்கட வீட்டிலை சாப்பிட்டவ. அதுதான் சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்" என்றேன்.

நஸ்ரியா என்னை விளங்காமல் பார்த்தார். "சரி, அதுக்கென்ன?"

"இல்லை... தேடுவீங்கள் எண்டு."

"சோறு தின்னப் போன புள்ளய ஆருதான் தேடுவாங்க!" ஒரே சிரிப்பு. "ஆ, அக்கா இல்ல. ராத்தான்னு சொல்லுங்க. அக்கான்னா ஆரோ ஆபீஸ்காரி மாதிரி ஈக்கி."

சரி. இனி ராத்தா.

ஒன்று மட்டும் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகள் ஐஸ் பைக்கட்டை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஆரணிக்கும் நீட்டினார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம், அம்மா ஏசுவா" என்றாள். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இருந்தது. என் பிள்ளைக்குச் சொல்வழி கேட்கத் தெரியும்.

லண்டனிலிருந்து என் அக்காவின் குரல் செய்தி. பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, சாந்தமாகக் கதைக்க வேண்டுமாம். அங்கே வகுப்புக்குப் போகிறாளாம், பிள்ளை வளர்க்க. மாலையில் குந்தியிருந்து, "ஆரணி, அம்மாவைப் பாருங்கோ" என்று தொடங்கினேன். "அம்மா, மூத்திரம் போறீங்களோ?" என்று கேட்டாள். எழும்பிவிட்டேன். முழங்கால் நோ.

யூலை 13, ஞாயிறு

கடற்கரைக்குப் போனது. போயிருக்கக் கூடாது.

அலை முழங்கால் உயரம் என்கிறார்கள். எனக்கு வீட்டு உயரம். தூரத்தில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலால் பறக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்களோ. ராத்தாவின் பிள்ளைகள் கரையில் உருண்டு எழும்பி, மண் பூசிய இறால் வடையைத் தின்கின்றன. ஆரணி என் பக்கத்தில் பாயில். தொப்பி, காலுறை, கையில் தண்ணீர்ப் போத்தல்.

"உடுங்க தங்கச்சி, காலயாச்சும் நனைக்கட்டும்."

"அவவுக்கு இழுப்பு ராத்தா."

"கடல் காத்து இழுப்புக்கு நல்லம்."

யார் சொன்னது? எந்த டொக்டர்? கேட்கவில்லை. மூத்தவள் ஷிபானா வந்து கையை நீட்டினாள். "நான் பாத்துக்கிறேன் ஆன்ட்டி." அவளுக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் கடலையும் என் பிள்ளையையும் சேர்த்துக் கொடுக்கட்டாம். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆரணி அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. ஒருநாளும் பிடிக்க மாட்டாள். நல்ல பிள்ளை.

வீட்டில் சண்டை. குகன்: "கொஞ்சம் விடுமன் நீர். எந்த நேரமும் பிள்ளையைப் பொத்திப் பொத்தி..."

"விடுறதோ? கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலை ராப்பகலா நிண்டது நீங்களோ நானோ?"

அவர் எழும்பிப் போய்விட்டார். அது அவருக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை. ஆரணியையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம், கொக்குவிலுக்கே போய்விடுகிறேன். அவர் காற்றாடியோடு இருக்கட்டும். முடிவு.

யூலை 15, செவ்வாய்

கரண்ட் இல்லை. காற்றாடி ஊரில் கரண்ட் இல்லை. யாரிடம் சொல்லி அழ.

ஆரணி பக்கத்து வீட்டிலிருந்து வந்தபோது சட்டைக் கரை நனைந்திருந்தது. ஏசினேன். அடிக்கவில்லை. ஒருநாளும் அடித்ததில்லை. "எத்தினை தரம் சொன்னனான்" என்று தொடங்கி, இழுப்பு, ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு நான் பேசாமல் சமைத்தேன்.

அவள் குசினி வாசலில் நின்று கேட்டாள்: "அம்மா, கோவமோ?" இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும்: "அம்மா, இப்பவும் கோவமோ?" இல்லையடி என்றேன். படுக்கும்போதும் கேட்டாள். என்ன பிள்ளை இது, ஒன்றையே திருப்பித் திருப்பி.

அவள் கதைக்கிற விதமும் மாறுகிறது. "அம்மா, பூனை ஊட்டுக்குள்ள ஈக்கி" என்கிறாள். "வீட்டுக்குள்ளை இருக்கு எண்டு சொல்லு" என்றேன். சரியாகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

யூலை 17, வியாழன்

ஒழுங்காக எழுத வேண்டும், இல்லையென்றால் இது தலைக்குள்ளேயே சுற்றும்.

காலையில் தூறல், பிறகு வெயில். நர்சரி முடிந்து வந்து சாப்பிட்டாள். மஞ்சள் சட்டை. ராத்தா கேட்டார் என்று பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினேன், அதுவும் நானாக. குகன் சொன்னதை யோசித்து அனுப்பினேன். கொஞ்ச நேரம்தான் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது கூப்பிடப் போனேன். ராத்தா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். ரிப்கா பாயில் நித்திரை. ஷிபானா ஓதப் போய்விட்டாள். ஆரணி இல்லை.

"இப்பதான் ஈந்தாங்க. எங்கயாச்சும் ஒரு ஊட்டுல ஈக்கும் தங்கச்சி."

அந்தக் கை வீச்சு. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு ஓடினேன், கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள், கிணறு. மூடியில் கல் இருந்தது. கல் இருந்தபடியே இருக்கிறது, ஆனாலும் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தேன். பிறகு கடல்.

கரையில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் சட்டை, இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினேன். வலையை அப்படியே போட்டுவிட்டு அவர்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். இடுப்பளவுக்குப் போய்க் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஏன் தண்ணீருக்குள் பார்க்கிறார்கள்? கரையில் அல்லவா தேட வேண்டும்? மணலில் இருந்துவிட்டேன்.

ராத்தா பின்னாலேயே ஓடி வந்தார், கையில் பொரித்த எண்ணெய் மணத்தோடு. "எழும்புங்க. பள்ளில சொல்லச் சொல்லுவோம்."

"பள்ளிக்கூடம் பூட்டியாச்சு ராத்தா! இப்ப அங்கை ஆர் இருப்பினம்!"

"அல்லாவே! பள்ளிக்கூடம் இல்ல, எங்கட பள்ளி! பள்ளிவாசல்!" சொல்லிக்கொண்டே தலைத்துணியை இழுத்துவிட்டு ஓடினார். அந்த உடம்போடு அப்படி ஓடுவார் என்று நினைக்கவில்லை.

ஒலிபெருக்கி. காற்று பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. "...ஆரணி என்ற பேரையுடைய அஞ்சு வயசுப் பெண் புள்ள... மஞ்சச் சட்ட... கண்ட ஆக்கள் உடனே..." திரும்பவும் ஒருதரம். அப்புறம் சிங்களத்தில். நான் ஒழுங்கையால் ஓடிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வேலி சனம். எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"ஆரணியா? ஆரு அது?"

"அந்தப் பேர்ல இங்க புள்ளயே இல்லயே."

"தலவிலக் கோயிலுக்கு வந்த ஆக்கள்ட புள்ளயாக்கும்."

சாதகம் பார்த்து, எழுத்துப் பார்த்து, மாமியோடு சண்டை பிடித்து வைத்த பெயர். இந்த ஊரில் மூன்று மாதமாக இருக்கிறாள். ஒரு சனத்துக்கும் தெரியவில்லை.

குகன் போனை எடுக்கவில்லை. காற்றாடி உச்சியில் நின்றிருக்கிறார், பிறகுதான் தெரிந்தது.

மதரஸா விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஷிபானா குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து தாயிடம் கேட்டாள்: "உம்மா, பள்ளில சொன்னாங்களே, ஆரணி ஆரு?"

"ஆன்ட்டிட புள்ளதான்டி! காணல்லயாம்!"

"அட, அம்மாஏசுவாவா?"

சொன்ன உடனே கையால் வாயைப் பொத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அவ பரீதா மாமிட ஊட்டுல ஈக்கா. நான் ஓதப் போகக்குள்ளயே அங்கதான் ஈந்தா."

மூன்று ஒழுங்கை தள்ளி. நான் இரண்டு தரம் அந்தப் படலையைத் தாண்டி ஓடியிருக்கிறேன். முற்றத்துக் கொடியில் மஞ்சள் சட்டை, கழுவி, காற்றில் அடித்துக்கொண்டு. அதன் கிழிந்த பை தைத்திருந்தது. உள்ளே பாயில் என் பிள்ளை, யாரோ ஒரு பிள்ளையின் பெரிய சேட்டுக்குள், நல்ல நித்திரை. முழங்காலில் மஞ்சள் பூசிய காயம்.

பரீதா மாமி என்பவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பதறிப்போய்விட்டார். "காத்துல பேர் மட்டும்தான் கேட்டிச்சி தங்கச்சி. இந்தப் புள்ளட பேர் அதுன்னு எனக்குத் தெரியாதே. களப்புப் பக்கம் சேத்துல உழுந்து, கால் ரெத்தம், சட்டயும் கிழிஞ்சி, அப்பிடியே வந்து நிண்டா. அழவே இல்ல. ஊட்டுக்குப் போ மகள்னு சொன்னேன். அம்மா ஏசுவா, கழுவித் தைச்சுத் தாங்க, காஞ்சப் பொறகு போறேன்னா. சோறு குடுத்தேன். தின்னுட்டுத் தூங்கிட்டா."

சத்தத்தில் ஆரணி கண் விழித்தாள். என்னைக் கண்டாள். ஓடி வரவில்லை. எழும்பி இருந்து, வாசலால் கொடியைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னும் காயேல்லை" என்றாள்.

யூலை 18, வெள்ளி

வெக்கை. நித்திரை இல்லை. நர்சரிக்கு அனுப்பவில்லை.

அம்மாஏசுவா. ஒரே சொல்லாக, பெயர் மாதிரிச் சொல்கிறார்கள். "அம்மாஏசுவா, பந்த எடு." "அம்மாஏசுவா, வா." ஐஸ் வேண்டாம், அம்மா ஏசுவா. தண்ணீரில் இறங்க மாட்டேன், அம்மா ஏசுவா. மண்ணில் இருக்க மாட்டேன், அம்மா ஏசுவா. எது கேட்டாலும் அதுதான் பதில் என்றால் பிள்ளைகள் வேறு என்ன பெயர் வைக்கும்? முழு ஊருக்கும் தெரியும். குகனுக்குத் தெரியுமோ என்று கேட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தெரியும்.

கடல் கொண்டுபோய்விடும், நாய் கடித்துவிடும், யாராவது தூக்கிப் போய்விடுவார்கள் என்றெல்லாம் பயந்தேன். அவள் எனக்குப் பயந்து ஒளித்திருந்தாள். வெட்கமாக இருக்கிறது.

காலையில் ராத்தாவோடு கொழுவினேன். வேலிக்கரையில் நின்று, "உங்கட பிள்ளையள் என்ரை பிள்ளையைப் பழிக்குதுகள். நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறீங்கள். பிள்ளை எங்கை எண்டு தெரியாமல் மீன் பொரிக்கிறீங்கள்" என்றேன். அவரின் முகம் கறுத்துவிட்டது. "என்ட அஞ்சும் எங்க நிண்டாலும் இந்த ஊர்ல ஒரு ஊட்டுக்குள்ளதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

ஜும்மா முடிந்து, பின்னேரம் அவரே வந்தார். கையில் மூடிய கோப்பை, இறால் பொரியல். கதிரையில் இருக்கவில்லை. குசினிச் சுவரோடு நின்றார்.

"நேத்து எனக்கும் பயம்தான். காட்டிக்கல்ல. ஷிபானாக்கு நல்லா ஏசினேன், அந்தப் பேருக்கு."

"அவவுக்கு ஏன் ஏசுறீங்கள். பிழை என்னிலைதான். நான் ஏசுறது கூட."

"எங்க கூட? நான் ஏசுறது கடல் வரைக்கும் கேக்கும். எங்க உம்மா வெளக்குமாத்தால போடுவா."

"அப்ப ஏன் உங்கட பிள்ளையள் ஒளிக்கிறேல்லை?"

அவர் யோசித்தும் பார்க்கவில்லை, சும்மா சொன்ன மாதிரித்தான் சொன்னார். "நாங்க ஏசிட்டு சோத்தப் போட்ருவோம். அதோட முடிஞ்சி. நீங்க ஏசி முடிச்சாலும் உங்கட மொகம் முடிக்குதில்ல தங்கச்சி. ராவு வரைக்கும் வெச்சிட்டு ஈக்கீங்க. பெரியாக்களுக்கே அத்தப் பாக்க ஏலா."

எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். என் முகத்தைப் பற்றிக் கதைக்க இவர் யார்? அவர் போன பிறகு குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா, இப்பவும் கோவமோ. மூன்று தரம் கேட்டாளே.

இறாலில் உறைப்புக் கூட. ஆரணி தின்றுவிட்டுத் தண்ணீர் தண்ணீராகக் குடித்தாள்.

யூலை 20, ஞாயிறு

மப்பு வானம். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற பஸ்கள் பெரிய ரோட்டில் பாட்டோடு போகின்றன.

இரண்டு நாளாக ஒரு முயற்சி. ஏசினால் உடனே முடித்துக்கொள்வது. எழுத இலேசு. நேற்று ஆரணி தேத்தண்ணியை ஊற்றினாள், கட்டில் விரிப்பு முழுக்க. "என்ன பிள்ளை நீ!" என்று கத்திவிட்டேன். பிறகு ராத்தா மாதிரி உடனே "சரி, வா, பிட்டுச் சாப்பிடுவம்" என்றேன். அவள் இன்னும் பயந்துபோனாள். இது ஏதோ புது விதமான கோபம் என்று நினைத்திருப்பாள். பிட்டைத் தொடவில்லை.

வேறு ஒருத்தியின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படி வராது. என் குடும்பத்தில் ஒருவருக்கும் வராது. எங்கள் வீட்டில் கோபம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பதுதான் கோபம்.

குகன்: "அவவிட்டைக் கேளுமன்."

"என்னத்தை?"

"அம்மா ஏசினா என்ன செய்யிறது எண்டு."

விசர்க் கதை என்றேன். ஆனால் ஆரணிக்குத் தலை இழுத்துப் பின்னும்போது கேட்டேன். "ஏசிப்போட்டு, முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பின்னலைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். அவளுக்குத் தெரியாமல்தான்.

பின்னேரம் ராத்தாவைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. கடற்கரையில் தனியே நின்றார். அவரின் கணவர் விடியப் போன போட் வரவில்லை, காற்று பலம், போன் வேலை செய்யவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் கூத்தடிக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வந்திடுவார் ராத்தா" என்றேன். "இன்ஷா அல்லாஹ்" என்றார், கண்ணை எடுக்காமல். தலைத்துணியின் முனையை முறுக்கிக்கொண்டே நின்றார். இவருக்குப் பயமே இல்லை என்று எப்படி நினைத்தேனோ. பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன்னால் போட் வந்தது. வந்தவருக்குக் கிடைத்த ஏச்சைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பிறகு, "போங்க, குளிங்க, சோறும் ஆணமும் ஆறுது."

இன்றைக்கு ஆரணி காலை நனைத்தாள். கணுக்கால் வரைக்கும்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இறுக்கித்தான்.

யூலை 21, திங்கள்

இழுப்பு இல்லை. காது வைத்துக் கேட்டேன். இரண்டு தரம்.

கொழுக்கியைக் கழற்றவில்லை. அவ்வளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் படலை திறந்து விட்டேன், ராத்தா வீடு மட்டும் என்று சொல்லி. ஷிபானா வந்து வாசலில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக, "ஆ-ர-ணி இரிக்கிறாவா ஆன்ட்டி?" என்றாள். தாய் சொல்லிக் கொடுத்திருப்பார். பாவம், அவளுக்கும் வாய்க்கு வரவில்லை.

ஆரணி போன பிறகு செய்த வேலைகள்: வெங்காயம் உரித்தது. யன்னல். உழுந்து ஊறப்போட்டது. யன்னல். அக்காவுக்குப் பதில் அனுப்பியது. யன்னல். யாழ்ப்பாணம் போகிற கதையைக் குகன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அம்மா ஏசுவா என்று இன்றும் ஒருதரம் கேட்டது, வேலிக்கு அங்கால். அவள் குரல்தான். எதற்கு என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கவில்லை.

யூலை 23, புதன்

காற்று பலம். ஓடு ஒன்று விலகியிருக்கிறது, குகனிடம் சொல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போய் இப்போதுதான் வந்தது. ஆரணி நித்திரை. ஆற அமர எழுதுகிறேன்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். உழுந்து அரைத்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு பிள்ளை கத்துகிற சத்தம். ராத்தாவின் பிள்ளைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன், என் பிள்ளைக்கு அப்படிக் கத்தத் தெரியாது. சத்தம் கிட்ட வந்தது. ராத்தா வீட்டுப் படலையைத் தாண்டி வந்தது. பரீதா மாமி பின்னால் ஓடி வருகிறார், "மகள் நில்லுங்க, நான் கட்டி உடுறேன்" என்று கூப்பிட்டுக்கொண்டு. நிற்கவில்லை. ஒழுங்கை மணல் முழுக்க ரத்தம் சொட்ட, ஒற்றைச் செருப்போடு, "அம்மா! அம்மா!" என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு, நேரே என்னிடம் வந்து விழுந்தாள்.

சிப்பி வெட்டியது. உள்ளங்கால். ஆழம்.

எனக்கு வாய் திறந்துவிட்டது. "எத்தினை தரம் சொன்னனான் கடற்கரைக்குப்..." சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகுதான் தெரிந்தது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது" என்றேன். "ஏசி முடிஞ்சுது ஆரணி. முடிஞ்சுது." துவாயால் காலைச் சுற்றினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து, முன்னையதைவிடப் பலமாகக் கத்தத் தொடங்கினாள்.

ஓட்டோ பிடித்தது பரீதா மாமி. ராத்தாவும் ஏறினார். ஆஸ்பத்திரியில் சனம். ஆரணி வழி முழுக்க அழுதாள், வாசலில் அழுதாள், காயம் கழுவும்போது கட்டிடமே அதிர அழுதாள். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மருந்து கட்ட வந்த நர்ஸ் மிஸ் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்: "சின்னத் தையல்தானே, ஏன் இவ்வளவு சத்தம்? அம்மா, நீங்க கொஞ்சம் ஏசுங்கோ பிள்ளைக்கு."

ராத்தா என்னைப் பார்த்தார். நான் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கத்தட்டும் மிஸ்" என்றேன்.